மூத்தவனுக்கு ஆகாத நட்சத்திரம்

அந்த ஜாதக நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பெண்ணின் அப்பா அதை மஞ்சள் பையிலிருந்து எவ்வளவு பத்திரமாக எடுத்தாரோ அதே பத்திரத்தோடுதான் திரும்பவும் உள்ளே வைத்தார். பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பி அவர் பக்கத்திலேயே ஆறிக் கிடந்தது. “தம்பிக்கு நல்ல இடமா அமையட்டும்” என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தேரி மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். 1978, ஆவணி மாதம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உடன்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார்.

அவர் திரும்பிப் போகக் காரணம் நான். பத்துப் பொருத்தத்தில் எட்டு கூடி வந்திருந்தது. ரஜ்ஜு தட்டவில்லை. பெண் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். தம்பிக்கும் பிடித்திருந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஜோசியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எல்லாஞ் சரிதான் ஆச்சி. பொண்ணு கேட்டையால்ல இருக்கு? மூத்த மைத்துனனுக்கு ஆகாதே.”

தம்பிக்கு மூத்தவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏலே, நீ என்ன சொல்லுத?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலையில்தான் எட்டாம் வகுப்பில் சூரியனின் தூரம், நட்சத்திரங்களின் தூரம் எல்லாம் கரும்பலகையில் சைபர் சைபராகப் போட்டு நடத்திவிட்டு வந்திருந்தேன். நம்பினாயா என்று கேட்டால், இல்லை. பயந்தாயா என்று கேட்டால், ஆமாம். மகளுக்கு இரண்டு வயது. என் மௌனத்தை அம்மா பதிலாக எடுத்துக்கொண்டாள், பெண்ணின் அப்பாவும் அப்படியே எடுத்துக்கொண்டார். தம்பி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இளைய தலைமுறைக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. விசாகம் இளைய மைத்துனனுக்கு, கேட்டை மூத்த மைத்துனனுக்கு. வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் என்று பாகப் பிரிவினை செய்துவைத்தது போல இருக்கும். மாப்பிள்ளை கேட்டையில் பிறந்திருந்தால் பெண்ணின் அண்ணனுக்கு ஆகாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபத்து எப்போதும் பெண் வீட்டிலிருந்துதான் வண்டியேறி வரும் போலிருக்கிறது.

2008-இல் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த நட்சத்திரத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷம் பூகோளம் எடுத்தவனுக்கு, தன் உயிரை வாங்கிவிடும் என்று பயந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கைகாட்டத் தெரியாது. அந்த ஜோசியருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவருக்குப் பஞ்சாங்கம் போதும்.

நீங்களும் பார்க்கலாம், தொலைநோக்கி வேண்டாம். ஆனி மாதக் கடைசியில், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவிளக்கு மறைகிற மாதிரி மொட்டை மாடியில் தெற்கே பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் பாதி வழிக்குச் சற்று மேலே, செம்மையாக ஒரு மீன் மினுங்கும். அதுதான் கேட்டை. அதற்கு வலப்பக்கம் மேலும் கீழுமாக மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அவை அனுஷம். கேட்டையிலிருந்து கீழே இடப்பக்கமாக இறங்குகிற மீன்களைக் கண்ணால் தொடர்ந்து போனால், வரிசை வளைந்து திரும்பவும் மேலே ஏறும். முடிகிற இடத்தில் இரண்டு மீன்கள் ஒட்டினாற்போல இருக்கும். அது கொடுக்கு. தேள் என்று சொல்லிக்கொடுத்த பிறகு வேறு எதையும் அங்கே பார்க்க முடியாது. அவ்வளவு பொருத்தம். மேஷத்தில் ஆட்டையும் கும்பத்தில் குடத்தையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். பன்னிரண்டு ராசியில் பெயருக்கு ஏற்ற உருவத்தோடு இருப்பது விருச்சிகம்தான் என்பது என் கட்சி.

லண்டனில் இருப்பவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அங்கே கேட்டை, தெற்கு அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டு பாகைதான் ஏறும். கொடுக்கு ஏறக்குறைய மண்ணோடு மண்ணாகப் போய்விடும். நமக்கு முழுத்தேளும் கிடைக்கிறது. நாம் ஜாதகக் கட்டத்தில் ‘விரு’ என்று எழுதி மூடிவைத்துவிட்டோம்.

ஒரு பெண் கேட்டையில் பிறந்தாள் என்றால், அவள் பிறந்த நேரத்தில் நிலா இந்தச் செம்மீனின் பக்கமாக நின்றது என்று அர்த்தம். நிலா மாதாமாதம் அந்த வழியாகப் போகிறது, ஏறக்குறைய ஒரு நாள் அங்கே இருக்கிறது. அந்த ஒரு நாளில் உலகம் முழுக்கப் பிறக்கிற பெண் குழந்தைகள் அத்தனை பேருக்கும் வருங்கால மைத்துனர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

தேள் என்று முதலில் பெயர் வைத்தவர்களைத் தேடிப்போனால் மெசபடோமியாவில் கொண்டுபோய் விடுகிறது. இன்றைய இராக். சுமேரியச் சொல்லில் கிர்-தப் என்றால் தேள். கி.மு. 1000-ஐ ஒட்டிய முல்-அபின் என்ற களிமண் பலகைகளில் வானத்து மீன்களின் பட்டியல் இருக்கிறது, அதில் கிர்-தப் வருகிறது. கில்காமேஷ் காவியத்தில் சூரியன் வந்துபோகிற மலை வாசலைத் தேள்-மனிதர்கள் காவல் காக்கிறார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு செய்தி. பாபிலோனியர்கள் நில தானம் கொடுத்தால் அதைக் கல்லில் பொறித்து, தெய்வங்களின் சின்னங்களையும் சாட்சியாகச் செதுக்கி வைப்பார்கள். அதில் தேள், இஷ்காரா என்ற பெண் தெய்வத்தின் சின்னம். அந்தத் தெய்வம் சத்தியத்துக்கும் காதலுக்கும் கல்யாணத்துக்கும் உரியவள். அதாவது, நாங்கள் எதைக் காட்டிக் கல்யாணத்தைத் தட்டிக் கழித்தோமோ, அதையே அங்கே கல்யாணத் தெய்வத்தின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அங்கிருந்து தேள் கிரேக்கத்துக்குப் போனது. அங்கே அதற்குக் கிடைத்த வேலை ஒரு வேட்டைக்காரனைக் கொல்வது. ஓரியன் என்ற அந்த வேட்டைக்காரன், பூமியில் ஒரு மிருகத்தையும் விட்டுவைக்க மாட்டேன் என்று வாய் பேசினான். பூமித்தாய் தேளை அனுப்பினாள். அவன் ஆர்ட்டெமிஸ் தேவியிடம் முறைதவறி நடந்ததால் அவளே அனுப்பினாள் என்றும் ஒரு கதை உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அராடஸ் என்ற கவிஞர் வானத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்த இரண்டாவது கதைதான் வருகிறது. செத்த பிறகு ஓரியனையும் வானத்தில் வைத்தார்கள், தேளையும் வைத்தார்கள். தேள் கிழக்கே தலைகாட்டும்போது ஓரியன் மேற்கே இறங்கி ஓடுவான். நம்முடைய மிருகசீரிடமும் திருவாதிரையும் அந்த ஓரியனுக்குள்தான் இருக்கின்றன. கிரேக்கர் அவன் இடுப்புக் கச்சை என்று பார்த்த மூன்று மீன்களை நம் பழைய கதை, மானைத் துளைத்த அம்பு என்கிறது.

அந்தச் செம்மீனுக்குக் கிரேக்கர் அன்டாரெஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏரிஸ் என்பது அவர்களுடைய செவ்வாய். நிறத்தில் செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள். நம் ஊரிலும் ‘கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை’ என்று மூன்றையும் சேர்த்துக் கட்டி விரட்டுகிறோமே, அந்தச் செவ்வாய் சகவாசம் இந்த மீனை எங்கே போனாலும் விடவில்லை பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. கிரேக்கருடைய தேள் நம் விருச்சிகத்தைவிட நீளம். இன்று துலாம் என்கிறோமே, அது அன்று தேளின் இரண்டு முன்கொடுக்குகள். ரோமானியர் காலத்தில் அதைத் தனியே வெட்டித் தராசாக ஆக்கினார்கள். அந்தக் கொடுக்குகளில் இருக்கிற இரண்டு மீன்களுக்கும் இன்றுவரை வழங்குகிற அரபுப் பெயர்களுக்குத் தெற்குக் கொடுக்கு, வடக்குக் கொடுக்கு என்றுதான் அர்த்தம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பட்டா மாறினாலும் பழைய சொந்தக்காரர் பெயரைச் சொல்லித்தான் வயலைக் கூப்பிடுவார்கள், அதுபோல. துலா ராசிக்காரர்கள் நியாயஸ்தர்கள் என்று பத்திரிகையில் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கொடுக்குகள் ஞாபகம் வரும்.

எல்லையை வெட்டுவதும் ஒட்டுவதும் அதோடு நிற்கவில்லை. 1930-இல் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்காக யூஜீன் டெல்போர்ட் என்ற பெல்ஜியத்துக்காரர் எண்பத்தெட்டு விண்மீன் கூட்டங்களுக்கும் நில அளவைக்காரர் மாதிரி எல்லை போட்டுக் கொடுத்தார். அந்த எல்லைப்படி சூரியன் தேளுக்குள் இருப்பது நவம்பர் கடைசியில் ஒரு வாரம்தான். நம் கணக்கில் கார்த்திகை முழுவதும் விருச்சிகம். மலையாளத்தார் அந்த மாதத்துக்கே விருச்சிகம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தேளின் கொடுக்கில் இருக்கிற மூல நட்சத்திரம் நம் ஜோதிடத்தில் தனுசு ராசிக்குப் போய்விட்டது. உடம்பு ஒரு வீட்டில், கொடுக்கு அடுத்த வீட்டில்.

ராசி நமக்கு வந்த வழியும் அந்தக் கிரேக்க வழிதான். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் ஜாதகத்தில் விருச்சிகத்துக்குக் ‘கௌர்ப்பிய’ என்ற பெயரும் இருக்கிறது. ஸ்கார்ப்பியோஸ் என்ற கிரேக்கச் சொல் சமஸ்கிருத வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இருபத்தேழு நட்சத்திரக் கணக்கு அதற்கெல்லாம் மூத்தது, இந்த மண்ணிலேயே இருந்தது. கேட்டை என்பது ‘ஜ்யேஷ்டா’ என்ற சொல்லின் தமிழ் உருவம். மூத்தவள் என்று பொருள். மூதேவி என்பதும் மூத்த தேவிதான். பல்லவர், சோழர் காலத்துக் கோயில்களில் காக்கைக் கொடியோடும் பருத்த வயிற்றோடும் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கும்பிட்டவர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு.

மூத்தவள் என்ற பெயரிலிருந்து மூத்தவனுக்கு ஆகாது என்ற கட்டு எப்படி வந்தது? ‘ஜ்யேஷ்டக்னி’, மூத்தவரைக் கொல்வது, என்ற பெயர் அதர்வ வேதத்திலேயே வந்துவிடுகிறது. ஆகையால் இது நேற்று முளைத்த பயம் அல்ல. ஆனால் அந்த மந்திரம் என்ன கேட்கிறது என்று மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அந்த நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையைக் காப்பாற்று, எல்லா இடரும் தாண்டி அது நூறாண்டு வாழட்டும் என்று முதலில் கேட்கிறது. தாய் தகப்பனுக்கு அதனால் தீங்கு வரக்கூடாது என்று அதன் பிறகு சேர்த்துக்கொள்கிறது. வேண்டுதல் குழந்தைக்காகத் தொடங்கியது. எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை விடுபட்டுப்போய், மைத்துனன் மட்டும் மிஞ்சியிருந்தான். தமிழ்க் காதுக்குக் கேட்டை என்றால் கேடு என்பது போலவும் ஒலிக்கிறது. அது வேறு சேர்ந்துகொண்டது என்பது என் சந்தேகம்.

நம்முடைய பழைய தமிழ்ப் பெயர்கள் சிலவற்றைப் பார்த்தால் அவற்றில் கேடும் இல்லை, தேளும் இல்லை. அனுஷத்துக்கு முடப்பனை என்று பெயர். கேட்டைக்குத் துளங்கொளி. மூலத்துக்குக் குருகு. வளைந்த பனை, அசைகிற வெளிச்சம், ஒரு பறவை. புறநானூற்றில் கூடலூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை சாவதற்கு ஏழு நாள் முன்பு வானத்திலிருந்து எரிமீன் விழுந்த ராத்திரியைச் சொல்லும்போது இந்த முடப்பனையை வைத்துத்தான் அடையாளம் காட்டுகிறார். எரிமீனுக்கு அஞ்சினார். முடப்பனைக்கு அஞ்சவில்லை. எங்கள் தேரிக்காட்டில் காற்றுக்கு வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்த பனை எத்தனையோ நிற்கிறது. அனுஷத்து மீன்களைப் பார்த்தபோது, இதற்கு இந்தப் பெயரை வைத்தவன் என்னைப் போலப் பனங்காட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது.

ஜாவா தீவில் இதே தேளுக்குக் கலாபா டோயோங் என்று பெயர். சாய்ந்த தென்னை. அவர்களே பான்யாக் அங்ரெம் என்றும் சொல்வார்கள். அடைகாக்கும் வாத்து. நம்மிடம் சாய்ந்த பனையும் குருகும், அவர்களிடம் சாய்ந்த தென்னையும் வாத்தும். இதை வைத்துக்கொண்டு யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். கடலோரத்தில் மரம் சாய்வதும் நீர்க்கரையில் பறவை உட்காருவதும் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னும் கிழக்கே போனால் பசிபிக் தீவுக்காரர்கள். ஹவாயில் இது மாவி என்ற வீரனின் தூண்டில் முள். தேளின் கொடுக்கு வளைகிற விதத்தை ஒரு மீனவன் கண்ணால் பாருங்கள், முள்ளேதான். அந்த முள்ளைப் போட்டுத்தான் மாவி கடலடியிலிருந்து தீவுகளை இழுத்தான் என்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகளுக்குக் கேட்டை, ரேஹுவா. கோடை வெயிலின் தலைவன். அங்கே ஆக்லாந்து நகரத்தில் நின்றால் நம் கொடுக்கு நேர் உச்சந்தலைக்கு மேலே போகும். தலைக்கு மேல் கொடுக்கு! நம் ஜோசியர் பார்த்திருந்தால் அந்த ஊரையே காலி செய்யச் சொல்லியிருப்பார்.

அரபியர்கள் கேட்டையைத் தேளின் இதயம் என்றார்கள். சீனர்களும் இதயம் என்றே சொன்னார்கள், ஆனால் தேளுக்கு அல்ல. நீல டிராகனுக்கு. அவர்களிடம் இதற்குப் பெருந்தீ என்றும் பெயர் இருந்தது. பெருந்தீ மேற்கே சாயத் தொடங்கினால் குளிர்காலத் துணிக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய காலம் என்று கணக்கு. இதைக் கவனிப்பதற்கென்றே ஓர் அதிகாரியை வைத்திருந்தார்களாம்.

அந்தச் சீனக் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கதை ட்சோ ட்சுவான் என்ற அவர்களுடைய பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. காவ்ஷின் என்ற அரசனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஏபோ, இளையவன் ஷிச்சென். இரண்டு பேருக்கும் ஆகாது. தினமும் கேடயமும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு சண்டை. பிறகு வந்த பேரரசன் பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரையும் பிரித்துவிட்டான். மூத்தவனை ஷாங் நாட்டுக்கு அனுப்பி, பெருந்தீ நட்சத்திரத்தைக் கவனிக்கச் சொன்னான். இளையவனை மேற்கே அனுப்பி, ஓரியனின் இடுப்புக் கச்சை மீன்களைக் கவனிக்கச் சொன்னான். ஒன்று உதித்தால் மற்றொன்று மறையும். அண்ணனும் தம்பியும் இனி முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. இன்றும் ஹெனான் மாகாணத்தில் ஷாங்சியூ நகரத்தில் ஏபோவின் மேடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் து ஃபூ என்ற பெருங்கவிஞர், பல வருஷம் கழித்துச் சந்தித்த சிநேகிதனுக்கு எழுதிய கவிதையை இந்த இரண்டு நட்சத்திரங்களைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.

கேட்டைதான் அண்ணன். இந்தியாவில் மூத்தவள், சீனாவில் மூத்தவன்.

எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். தம்பிக்கு அடுத்த வருஷம் சுவாதியில் பெண் அமைந்தது. சுவாதி யாருக்கும் ஆகாததில்லை. நல்ல பெண். அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவள் அவள்தான். அம்மா போன பிறகு தோட்டத்தைப் பிரித்தோம். கிணறு என் பங்கில் வந்தது, அவன் வயலுக்கு வாய்க்கால் என் பங்கின் வழியாகப் போக வேண்டும். வாய்க்காலோரம் நடக்க ஒரு கெஜம் பாதை கேட்டான். ஒரு கெஜம்! பத்திரத்தில் இல்லாததை எப்படிக் கொடுப்பது என்று சர்வேயர் முன்னால் வைத்து நான் சட்டம் பேசினேன். அவன் சத்தம் போடவில்லை. “அன்னைக்கு உன் உயிருக்காக ஒரு பொண்ணை வேண்டாம்னோம் அண்ணே. நான் ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கு நீ ஒரு கெஜம் மண்ணுக்குப் பத்திரம் பாக்கியே” என்றான்.

முப்பத்தாறு வருஷம் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறான். நானோ அது அம்மா எடுத்த முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை இன்றுவரை நின்றதுதான். அவன் மகள் கல்யாணத்துக்கு மொய் மட்டும் அனுப்பினேன். என் வீட்டு விசேஷத்துக்கு அவனும் அதையே செய்தான். கேட்டை எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. மூத்தவனையும் இளையவனையும் பிரிக்க அது தேவைப்படவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆயிற்று என்று பிற்பாடு தெரிந்தது. கேட்டைப் பெண்ணுக்கு வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பார்ப்பார்கள். மூத்தவனுக்கு அண்ணன் இருக்க மாட்டான் அல்லவா, யாருக்கும் ஆபத்தில்லை. அப்படித் தேடி ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு வருஷம். அந்த மஞ்சள் பை இன்னும் எத்தனை திண்ணையில் ஏறி இறங்கியதோ. இப்போது அவளும் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள் என்று கேள்வி. ஒருமுறை நேரில் போய்ப் பேசலாமா என்று யோசித்தேன். என்ன சொல்லிப் பேசுவது? என் மனதைக் கழுவிக்கொள்ள அவள் வீட்டுத் திண்ணையில் நான் ஏறக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

தம்பி விஷயம் வேறு. அதில் எனக்கு ஒரு கணக்குக் கிடைத்திருக்கிறது.

போன மாதம் பழைய அட்லஸையும் திரிகோணமிதி அட்டவணையையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூகோள வாத்தியாருக்கு அட்சரேகை புத்தி போகாது. சீனர்கள் அந்தக் கதையைச் சொன்ன மஞ்சளாற்றுச் சமவெளி, வடக்கு அட்சரேகை 35-ஐ ஒட்டி இருக்கிறது. கேட்டை, வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 26 பாகை தள்ளி இருக்கிற மீன். ஆகவே அங்கே அது தாமதமாக எழும்பும், அதற்கு முன்பே ஓரியனின் மூன்று மீன்களும் மேற்கே இறங்கிவிடும். கதை அங்கே சரி. அண்ணனும் தம்பியும் சந்திக்க வழியே கிடையாது.

ஆனால் தெற்கே வர வர, கேட்டை சீக்கிரமே எழும்புகிறது. கன்னியாகுமரி, அட்சரேகை 8. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், மூன்றாவது தடவை பேரனிடம் கம்ப்யூட்டரிலும் பார்க்கச் சொன்னேன். அங்கே கேட்டை தென்கிழக்குக் கடலில் எழும்பிய பிறகும் அந்த மூன்று மீன்கள் மேற்குக் கடலுக்கு மேலே முக்கால் மணி நேரம் போல இருக்கின்றன. சித்திரை பத்து, பன்னிரண்டு தேதிகளில் அது ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒன்பதே முக்காலுக்கும் இடையே நடக்கிறது. இரண்டுமே அடிவானத்தை ஒட்டி, ஐந்தாறு பாகை உயரத்தில்தான் இருக்கும். கடல் மூட்டம் இருந்தால் ஒன்றும் தெரியாது. மேகம் வந்தாலும் போச்சு. தெளிவாக இருந்தால், மஞ்சளாற்றுச் சமவெளியில் ஒருபோதும் முகம் பார்க்க முடியாத அந்த இரண்டையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிடலாம்.

நேற்றுச் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் மனைவிதான் எடுத்தாள். குரலைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சித்திரையில் ஒருநாள் கன்னியாகுமரி போக இருக்கிறேன், ராத்திரி தங்குகிற மாதிரி, அவனும் வருவானா என்று கேட்டேன். வாய்க்கால் பாதையை எழுதிக் கொடுக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒருநாள் வர வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

“அவுககிட்டக் கேட்டுச் சொல்லுதேன் அத்தான்” என்றாள்.

சித்திரைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.